ஒரே டை காப், நான்கு விலை: ஓரம் சீவிய பழைய கார்டுகளும் கிரேடிங் உறைகளும்

என் தங்கை மகன் போன மாதம் நியூஜெர்சியிலிருந்து கூப்பிட்டான். "மாமா, டை காப் கார்டு ஒன்று வாங்கப் போகிறேன். நான்கு பார்த்து வைத்திருக்கிறேன். எதை எடுக்கட்டும்?" என்றான். முதல் போனஸ் பணம், முதல் பழைய கார்டு. அந்தப் பதற்றம் எனக்கு நன்றாகத் தெரியும்.

அவன் அனுப்பிய நான்கு படமும் ஒரே கார்டுதான். டி206 என்ற பழைய பேஸ்பால் கார்டு வரிசையில், சிவப்புப் பின்னணியில் அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் டை காப்பின் மார்பளவுப் படம். இப்படிப்பட்ட கார்டுகளைப் பரிசோதித்து, நிலைக்கு ஏற்ப 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் மூடித் தரும் கம்பெனிகள் உண்டு. அதற்குப் பெயர்தான் கிரேடிங். முதலாவது பிஎஸ்ஏ என்ற கம்பெனியின் உறையில், 6 மதிப்பெண்ணோடு, பளிச்சென்று இருந்தது. இரண்டாவது எஸ்ஜிசி என்ற இன்னொரு கம்பெனியின் உறையில், மதிப்பெண் 2. மூலைகள் உருண்டு, குறுக்கே லேசான மடிப்பு. மூன்றாவது, பார்க்க முதலாவதைவிட அழகு. ஆனால் உறையிலிருக்கும் சீட்டில் எண்ணே இல்லை, 'அசல், மாற்றப்பட்டது' என்று மட்டும் இருந்தது. நான்காவதுக்கு உறையே கிடையாது. யாரோ பெரியவர் இறந்த வீட்டின் சாமான்களோடு கிடைத்தது என்று விற்பவர் சொல்கிறாராம்.

6-க்குக் கேட்ட விலை 2-ன் விலையைப்போல நான்கு மடங்குக்கு மேல். மற்ற இரண்டும் நடுவில் எங்கோ. "இதில் எந்த கம்பெனி கிரேடிங்கை நம்பலாம் மாமா?" என்று கேட்டான். இருபது வருஷமாக இந்தக் கார்டுகளோடு பழகியதில் எனக்குப் பட்டது வேறு. எந்த கம்பெனி என்பது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. ஒரே கம்பெனி தரும் தீர்ப்புகளிலேயே சிலவற்றை நன்றாக நம்பலாம், சிலவற்றை அவ்வளவு நம்பக்கூடாது. எது எது என்று தெரிந்துகொண்டால் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

ஓரத்தில் என்ன இருக்கிறது

டி206 என்பது 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்துக் கொடுத்த பேஸ்பால் படங்கள். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. பின்பக்கம் பீட்மாண்ட், ஸ்வீட் கபோரல் போன்ற சிகரெட் விளம்பரம். அகலம் சுமார் 36.5 மில்லிமீட்டர், உயரம் சுமார் 66.7 மில்லிமீட்டர், நம் ஊர் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. படத்தைச் சுற்றி ஒரு வெள்ளை ஓரம்.

அப்பாக்கள் சிகரெட்டைப் புகைத்துவிட்டுப் படத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். பிள்ளைகள் பையில் போட்டார்கள், நோட்டில் ஒட்டினார்கள், சுவரில் குண்டூசியால் குத்தினார்கள். அதனால் இன்றைக்கு இருக்கும் கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலை மழுங்கியிருக்கும். நூற்றுப்பத்து வருஷம் தாண்டியும் மூலை கூர்மையாக இருந்தால் அது அதிசயம். அதிசயத்துக்குத்தான் விலை.

மழுங்கிய மூலையைக் கூர்மையாக்கச் சுலபமான வழி, நான்கு பக்கமும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சீவிவிடுவது. தேய்ந்த பகுதி போய்விடும், உள்ளேயிருந்து புது மூலை வரும். வெள்ளை ஓரம் ஒரு நூல் அளவு குறையும், அவ்வளவுதான். இது தவிர நிறம் போன இடத்தில் மை தொடுவது, மூலையில் வேறு காகித நார் வைத்துக் கட்டுவது, மடிப்பை ஈரப்படுத்தி அழுத்தி எடுப்பது, பென்சில் எழுத்தை அழிப்பது என்று பல வேலைகள் உண்டு. இவற்றைச் செய்பவர்களை இந்த வட்டாரத்தில் 'கார்டு டாக்டர்' என்பார்கள். தண்ணீரில் ஊறவைத்து நோட்டிலிருந்து கார்டை உரித்தெடுப்பதை மட்டும் பெரும்பாலான சேகரிப்பாளர்கள் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை.

இவ்வளவு பாடுபட அப்படி என்ன லாபம்? 1952-ல் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட, மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் கார்டைப் பாருங்கள். பிஎஸ்ஏ 9 வாங்கிய ஒரு பிரதி 2021 ஜனவரியில் 52 லட்சம் டாலருக்குப் போனது. எஸ்ஜிசி 9.5 வாங்கிய இன்னொன்று 2022 ஆகஸ்டில் ஹெரிட்டேஜ் ஏலத்தில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. கந்தலாகி 1 மட்டும் வாங்கிய அதே கார்டு சில பத்தாயிரம் டாலர்தான். எல்லாம் ஒரே அச்சு, ஒரே படம். வித்தியாசம் மூலையிலும் ஓரத்திலும் மேற்பரப்பிலும் இருக்கிறது. சீவுபவரின் கை அங்கேதான் போகும்.

முதல் கார்டே சீவிய கார்டு

பிஎஸ்ஏ கிரேடிங்கின் கதையை ஹோனஸ் வாக்னரின் டி206 கார்டில்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் அது அங்கேதான் தொடங்கியது. பிட்ஸ்பர்க் அணியின் ஆட்டக்காரரான வாக்னரின் கார்டு மிகக் குறைவாகவே வெளிவந்தது. 1985-ல் பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி நியூயார்க் பக்கம் ஹிக்ஸ்வில் என்ற ஊரில் ஒரு பிரதியை 25,000 டாலருக்கு வாங்கினார். இரண்டு வருஷம் கழித்து 1,10,000 டாலருக்கு விற்றார். 1991-ல் அது சோத்பிஸ் ஏலத்துக்கு வந்தபோது ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவர் அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்னாலும் சேர்ந்து 4,51,000 டாலருக்கு எடுத்தார்கள்.

அதே 1991-ல்தான் பிஎஸ்ஏ தொடங்கியது. அந்த கம்பெனி கிரேடு செய்த முதல் கார்டு இந்த வாக்னர். கொடுத்த மதிப்பெண் 8. அதற்குப் பிறகு விலை ஏறிக்கொண்டே போனது. 2000-ல் 12,65,000 டாலர். 2007-ல் 28 லட்சம் டாலருக்கு அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணியின் உரிமையாளர் கென் கென்ட்ரிக் வாங்கினார். ஓரம் ரொம்ப நேராக, ரொம்பச் சுத்தமாக இருக்கிறதே என்ற முணுமுணுப்பு அத்தனை வருஷமும் இருந்தது. 2013 அக்டோபரில் ஏல மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்தக் கார்டின் பக்கவாட்டு ஓரங்களைச் சீவியதையும் மாஸ்ட்ரோ ஒப்புக்கொண்டார். 2015-ல் அவருக்கு 20 மாதச் சிறை கிடைத்தது. கார்டு மட்டும் 8 என்ற எண்ணோடு அதே உறையில் இருக்கிறது.

பலரும் இந்தக் கதையை 'பார், கிரேடிங்கை நம்பாதே' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நான் இன்னும் ஒரு விஷயத்தில் நிற்கிறேன். அந்தக் கார்டுக்கு மதிப்பெண் போட்ட குழுவில் இருந்த ஒருவரே, அது சீவப்பட்டது என்று அப்போதே தெரியும் என்று பின்னாளில் பத்திரிகையாளர்களிடம் ஒப்புக்கொண்டார். அப்படியானால் அங்கே ஏமாந்தது கண் இல்லை. கண் சரியாகத்தான் பார்த்தது. எண்ணைப் போட வேண்டிய நேரத்தில் கை வளைந்துவிட்டது. ஒரு கம்பெனி நம்பகமானதா என்று கேட்கும்போது நாம் இரண்டு கேள்வியைக் கேட்கிறோம்: அவர்களால் கண்டுபிடிக்க முடியுமா? கண்டுபிடித்தால் சொல்வார்களா? இன்றைக்கு இரண்டாவதில் பெரிய சந்தேகத்துக்கு இடமில்லை என்றே நினைக்கிறேன். தினமும் எத்தனையோ கார்டுகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். பிரச்சினை முதல் கேள்வியில் இருக்கிறது.

தேடினோம், கிடைக்கவில்லை

கிரேடர் என்ன செய்கிறார்? பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் ஓரத்தைப் பார்ப்பார். அளப்பார். விளக்கைச் சாய்வாகப் பிடித்து மேற்பரப்பைப் பார்ப்பார். புற ஊதா விளக்கில் வைப்பார். பிற்காலத்து மையோ காகிதமோ சேர்ந்திருந்தால் அந்த விளக்கில் தனியாகத் தெரியும். சுமார் 1950-க்குப் பிறகு வந்த காகிதங்களில் வெண்மைக்காகச் சேர்த்த ரசாயனம் அதில் நீலமாக மினுங்கும், 1910 காகிதம் மினுங்காது. நூறு வருஷ ஓரம் பழுப்பேறி, நார் மழுங்கியிருக்கும். நேற்றுச் சீவிய ஓரம் வெளுப்பாக, கூர்மையாக இருக்கும். கைத்தடுமாற்றத்தில் மூலைக்கு அருகே சின்ன வளைவு வந்துவிடுவதும் உண்டு.

எனவே அவசரக்காரர் கத்தரிக்கோலால் வெட்டியது, பேனாவால் நிறம் தொட்டது, போலியாக அச்சடித்தது எல்லாம் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். இந்த வகையில் கிரேடிங் நன்றாக வேலை செய்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மாட்டாதது எது? அந்தக் காலத்தில் கார்டுகளைத் தாளிலிருந்து வெட்டியபோது அளவு துல்லியமாக இருக்காது. சில கார்டு கொஞ்சம் சிறியதாக வரும், சில பெரியதாக வரும். பெரியதாக வந்த ஒரு கார்டை எடுத்து, நான்கு பக்கமும் சீவி, சரியான அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் அளவுகோல் 'சரி' என்றுதான் சொல்லும். மீதமிருப்பது ஓரத்தின் தோற்றம் மட்டும். தேர்ந்த கை அதையும் பழையதுபோல் ஆக்கிவிடும். பதமாக அழுத்தி எடுத்த மடிப்பும் அப்படித்தான்.

அதனால் 'மாற்றப்பட்டது' என்ற தீர்ப்புக்கும் வெறும் எண்ணுக்கும் ஒரே எடை கிடையாது. 'மாற்றப்பட்டது' என்றால் தடயத்தை ஒருவர் கண்ணால் பார்த்திருக்கிறார். 6 என்றால், அழகைப் பொறுத்தவரை 6. மாற்றத்தைப் பொறுத்தவரை தேடிப் பார்த்தோம், ஒன்றும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். சீட்டில் இரண்டும் ஒரே அச்சு எழுத்தில் வருவதால் இரண்டும் ஒரே உறுதியோடு சொன்னதுபோல் நமக்குத் தோன்றிவிடுகிறது.

எதிர்ப்பக்கத் தப்பும் நடக்கும். என் நண்பர் ஒருவரிடம் அவர் மனைவியின் தாத்தா காலத்து டி206 கார்டுகள் சில இருந்தன. அந்தக் குடும்பத்தைத் தவிர யார் கையும் படாதவை. ஒரு கம்பெனிக்கு அனுப்பினார். ஒன்று 'குறைந்தபட்ச அளவு இல்லை' என்று மதிப்பெண் இல்லாமல் திரும்பி வந்தது. அடுத்த வருஷம் அதே கார்டை அதே கம்பெனிக்கு அனுப்பினார். 3 போட்டு வந்தது. கார்டு வளரவில்லை. அன்றைக்குப் பார்த்தவர் வேறு, இன்றைக்குப் பார்த்தவர் வேறு. இது தெரிந்த சிலர் கார்டைத் திரும்பத் திரும்ப அனுப்பி, ஒரு நாள் வரம் கிடைக்கும் என்று காத்திருக்கிறார்கள். மனிதர் பார்த்துச் சொல்வதை அபிப்பிராயம் என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும்.

கம்பெனிகளுக்குள் என்ன வித்தியாசம்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. பிஎஸ்ஏ உறைக்கு மறுவிற்பனையில் பொதுவாக விலை அதிகம். வாங்க ஆளும் அதிகம். எஸ்ஜிசி 1998-ல் தொடங்கியது. கறுப்புச் சட்டம் வைத்த உறைக்காகவும் பழைய கார்டுகளைப் பார்த்த அனுபவத்துக்காகவும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்டு சேகரிப்பவர்கள் பலர் அதை விரும்புவார்கள். பெக்கெட் கம்பெனி, படம் நடுவில் அமைந்த விதம், மூலை, ஓரம், மேற்பரப்பு என்று நான்குக்கும் தனித்தனி மதிப்பெண் தரும் முறையால் பெயர் வாங்கியது. கறாராகப் பார்ப்பவர் யார் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் பிஎஸ்ஏவின் தாய் நிறுவனமான கலெக்டர்ஸ், எஸ்ஜிசியையும் வாங்கிவிட்டது. 'இவர் விட்டதை அவர் பிடிப்பார்' என்று இரண்டு கம்பெனியையும் எதிரெதிராக வைத்துப் பேசிய காலம் போய்விட்டது. எனவே என் மருமகனிடம், "உறையின் பெயருக்காக மட்டும் ரொம்பக் கூடுதலாகக் கொடுக்காதே, நாளைக்கே விற்கப் போவதாக இருந்தால் தவிர" என்றேன்.

வேலைச் சுமையும் ஒரு காரணம். 2021 மார்ச்சில் பிஎஸ்ஏ பெரும்பாலான சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் வந்ததைவிட அதிகமான கார்டுகள் மூன்றே நாளில் வந்து குவிந்ததாக அவர்களே சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி புதுக் கார்டுகள்தான். ஆனால் பழைய கார்டைப் பார்க்க வேண்டிய கண்ணும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது.

2019 சொல்லிக்கொடுத்தது

2019-ல் சில சேகரிப்பாளர்கள் ஒரு எளிய வேலையைச் செய்தார்கள். பழைய ஏலப் படங்களையும், இப்போது அதிக மதிப்பெண்ணோடு விற்பனைக்கு வந்திருக்கும் கார்டுகளின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அச்சில் விழுந்த ஒரு சின்னப் புள்ளி, மையம் விலகிய விதம், காகிதத்தில் ஒரு நார் என்று ஒவ்வொரு கார்டுக்கும் கைரேகை மாதிரி ஏதோ ஒன்று இருக்கும். அதைக் கொண்டு, முன்பு குறைந்த மதிப்பெண்ணோடோ மதிப்பெண்ணே இல்லாமலோ இருந்த கார்டு, ஓரம் குறைந்து, மூலை கூர்மையாகி, எண் ஏறி வந்திருப்பதை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார்கள். நூற்றுக்கணக்கில் வந்தது பட்டியல். எஃப்பிஐ விசாரிப்பதாக அந்த ஜூலையில் செய்தி வெளியானது.

எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது, அவர்களிடம் லென்ஸும் இல்லை, கார்டும் கையில் இல்லை என்பது. உறைக்கு வெளியே, வீட்டில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு படங்களை வைத்தே பிடித்தார்கள். சீவிய ஓரத்தை லென்ஸ் விட்டுவிடலாம், ஆனால் சீவுவதற்கு முன் எடுத்த படத்தை யாராலும் சீவ முடியாது. கம்பெனிகளும் இதைப் புரிந்துகொண்டன. 2021-ல் ஜெனாமின்ட் என்ற தொழில்நுட்ப நிறுவனத்தை கலெக்டர்ஸ் வாங்கியது; கார்டைப் படம்பிடித்து அடையாளம் வைத்து, அதே கார்டு மாறி வந்தால் கண்டுகொள்வதுதான் அதன் நோக்கம். நல்ல விஷயம். ஆனால் முன்பு ஒருமுறை படமெடுத்த கார்டைத்தான் அது அடையாளம் காணும். 1990-களில் சீவி, அப்போதே உறைக்குள் போன கார்டுக்கு 'முன்' என்ற படமே எங்கும் இருக்காது.

உத்தரவாதம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். உறையில் இருக்கும் கார்டு மாற்றப்பட்டது என்று பின்னால் தெரிந்தால் ஈடு தருவதாக பிஎஸ்ஏ சொல்கிறது. ஆனால் மாற்றப்பட்டதா இல்லையா என்று திரும்பப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் அவர்கள்தான். உறையை உடைத்துவிட்டால் உத்தரவாதமும் போய்விடும். இருப்பது இல்லாததைவிட நல்லது, அவ்வளவுதான் சொல்வேன்.

இனி அந்த நான்கு கார்டு

உறையில்லாத நான்காவதை முதலில் தள்ளிவைத்தேன். எனக்கே ஒரு அனுபவம் உண்டு. நான் இருப்பது சிகாகோ பக்கம். பல வருஷத்துக்கு முன் இங்கே ஒரு கார்டு சந்தையில் உறையில்லாத டி206 ஒன்றை வாங்கினேன். விற்றவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், பழைய ஆல்பத்திலிருந்து எடுத்தது என்றார். வீட்டுக்கு வந்து, என்னிடமிருந்த மலிவான கந்தல் கார்டு ஒன்றின் மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒரு மயிரிழை குட்டையாக இருந்தது. அச்சகத்திலேயே அப்படி வந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கிரேடிங்குக்கு அனுப்பினேன். 'ஓரம் சீவிய தடயம்' என்ற சீட்டோடு திரும்பி வந்தது. அந்த விற்பனையாளரை மறுபடி பார்க்கவே முடியவில்லை. அவரே சீவினாரா, சீவியதை வாங்கி ஏமாந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதனால் உறையில்லாத கார்டே கூடாது என்று சொல்லவில்லை. கை பழகியவர்களுக்கு அதில்தான் இன்பம். பழக வேண்டுமென்றால் ஒரு வழி சொல்கிறேன்: டி206-ல் புகழில்லாத ஆட்டக்காரர்களின் கந்தல் கார்டு ஐந்தாறு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டை காப் கார்டோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை ஒன்றுமேயில்லை. ஓரத்தை லென்ஸில் தினமும் பாருங்கள். நூறு வருஷ ஓரம் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் படிந்துவிட்டால் சீவிய ஓரம் தானாக உறுத்தும். அந்தப் பழக்கம் வருவதற்கு முன், முதல் பெரிய பணத்தை அங்கே போடக்கூடாது. அதுவும் விற்பவர் கதையாகச் சொல்லும்போது கூடவே கூடாது. வீட்டுச் சாமானில் கிடைத்தது உண்மையென்றால், இவ்வளவு மதிப்புள்ள கார்டை அவரே கிரேடிங்குக்கு அனுப்பாமல் ஏன் விற்கிறார் என்ற கேள்விக்கு நேரான பதில் வேண்டும்.

மூன்றாவது, 'மாற்றப்பட்டது' உறை. இதைக் கேவலமாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்ப்பதில்லை. நான்கில் ரொம்ப நம்பக்கூடிய தீர்ப்பு இந்த உறையில்தான் இருக்கிறது. அச்சு 1910-ஐச் சேர்ந்தது, அதில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்: இரண்டும் தெரிந்த பிறகு வாங்குகிறோம். பொய்யாக இந்தச் சீட்டை வாங்கி யாருக்கும் லாபமில்லை என்பதால் இதில் சூது நுழைய இடம் குறைவு. காமிக்ஸ் புத்தகங்களில் சீர்செய்யப்பட்டவற்றுக்கு சிஜிசி கம்பெனி ஊதா நிறச் சீட்டு வைக்கிறது. அதை ஒரு தனி வகையாகவே ஏற்று வாங்குகிறார்கள். கார்டிலும் அந்தப் பக்குவம் வர வேண்டும் என்பது என் ஆசை. சுவரில் மாட்டி அழகு பார்க்க வேண்டும், விற்கும் எண்ணமில்லை என்றால் இது நல்ல பேரம். சீட்டில் 'மாற்றப்பட்டது' என்று இல்லாமல் வெறும் 'அசல்' என்று மட்டும் இருந்தால் காரணத்தைக் கேளுங்கள். மதிப்பெண் வேண்டாம் என்று உரிமையாளரே சொல்லியிருக்கலாம், அல்லது வேறு குறை இருக்கலாம். ஒரே ஒரு வருத்தம்: இந்த உறையை உடைத்து, வேறு கம்பெனியில் எண் வாங்க முயல்பவர்களும் இதே கார்டுகளைத்தான் தேடி வாங்குகிறார்கள். நம் மருமகனிடம் கேட்ட விலை எனக்கு அதிகமாகத் தோன்றியதும் அதனால்தான். மதிப்பெண் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையின் விலை அதில் ஏற்கெனவே சேர்ந்திருந்தது.

முதலாவது, பளிச்சென்ற 6. நான்கில் இதுதான் அவனுக்கு மனசுக்குப் பிடித்தது. எனக்கும் பிடித்தது. ஆனால் சீவுபவர் எதைச் சீவுவார் என்று யோசிக்க வேண்டும். 3-ஐ 6 ஆக்கினால் பல மடங்கு லாபம். எனவே மாற்றப்பட்ட கார்டு எண்ணோடு உறைக்குள் போயிருந்தால், அது உட்கார்ந்திருக்கும் இடம் 5, 6, 7, 8 என்ற இந்த மேல்தட்டுதான். இந்த 6 மாற்றப்பட்டது என்று நான் சொல்லவில்லை. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அதிக விலை கொடுத்து, அதிகம் சந்தேகப்பட வேண்டிய இடத்தில் போய் நிற்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. இதை வாங்குவதாக இருந்தால் சான்றிதழ் எண்ணை கம்பெனியில் சரிபார்க்க வேண்டும். உறை எந்தக் காலத்தது என்று பார்க்க வேண்டும். இடது, வலது ஓரங்களின் அகலத்தைச் சேர்த்து மற்ற டி206 படங்களோடு ஒப்பிட வேண்டும். முக்கியமாக, இந்த உறைக்கு முந்தைய படம் எங்காவது கிடைக்கிறதா என்று தேட வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் மூன்று நாள் தேடினோம். ஒன்றும் கிடைக்கவில்லை.

மிச்சம் அந்த 2. மூலை உருண்டது, மடிப்பு விழுந்தது. இதில் சீவ ஒன்றுமில்லை. விலை ஏற்றுவதற்காகச் சீவியிருந்தால் மூலை உருண்டிருக்காது. தேய்மானமே அதன் ஓரத்துக்குச் சாட்சி. பெரிய பணக்காரர்களும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். ஓரங்கள் தாராளமாக விட்டு வெட்டப்பட்டதால் 'ஜம்போ' என்று பெயர் வாங்கிய ஒரு வாக்னர், மையம் தவறி வெட்டப்பட்டது என்ற குறிப்போடு 5 மட்டுமே வாங்கியது. 2016-ல் 31 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்குப் போனது. எஸ்ஜிசி 3 வாங்கிய ஒரு வாக்னர் 2021-ல் 66 லட்சத்து 6 ஆயிரம் டாலர். எஸ்ஜிசி 2 வாங்கிய இன்னொன்று 2022-ல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலர். பாதி கிழிந்துபோன ஒரு வாக்னர்கூட 2021-ல் 4,75,000 டாலருக்கு மேல் போனது. சந்தையே ஏறிய காலம் என்பது உண்மைதான். ஆனாலும் மூலை தேய்ந்த, யாரும் சீவாத ஒரு கார்டுக்கு இவ்வளவு கொடுக்க ஆள் இருக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

"சரி மாமா, 2-ஐயும் யாராவது மாற்றியிருக்க மாட்டார்களா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. மாற்றியிருக்கலாம். 1-ஐ 2 ஆக்கப் பின்பக்கத்துப் பென்சில் எழுத்தை அழிக்கலாம், குண்டூசி ஓட்டையை அடைக்கலாம், பெரிய மடிப்பை அழுத்திச் சின்னதாக்கலாம். லாபம் குறைவு என்பதால் முயற்சியும் குறைவு. இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. அதனால் இதற்கும் பழைய படத்தைத் தேடச் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து இரண்டு படங்களை அனுப்பினான். ஒன்று, இப்போதைய உறைக்குள் இருப்பது. இன்னொன்று, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஏலத்தில் உறையில்லாமல் விற்றபோது எடுத்தது. காப்பின் தோளுக்குக் கீழே ஒரு சின்ன அச்சுப் புள்ளி, இரண்டிலும் இருந்தது. மேல் ஓரத்தை உருப்பெருக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம், சமமாக இருந்தது. இடது பக்கத்திலிருந்து கிளம்பி வலது பக்கம் தொடாமல் நின்றுவிடும் அந்த மடிப்பும் அதே நீளம், அதே இடம்.